முகம் தேய்த்த காசு

ஷம்சுதீன் மவுத்தானதில் எனக்குத் துக்கம்தான். ஆனால் அந்த மனுஷன் மழைக்காலம் பார்த்து மவுத்தானதில் எனக்குக் கோபமும் உண்டு. ரங்கூனில் குடைக் கடை வைத்திருப்பவனுக்கு மழை பெய்கிற மாதங்களில்தான் பிழைப்பு. அப்போது கல்லாவை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஆனால் ஜமாத்தில் பெரிய மனுஷன் என்று ஒருவனை உட்கார வைத்துவிட்டால், ஊரில் இருக்கிற வழக்கெல்லாம் அவன் கடை வாசலில்தான் வந்து செருப்பைக் கழற்றும். தலை நரைத்ததும் எனக்கு அந்தப் பதவி தானாக வந்து சேர்ந்தது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஷம்சுதீனும் என்னைப் போலக் கீழக்கரைக்காரன். லுங்கி வியாபாரம். ஊரில் ஒரு மனைவி, நாலு பிள்ளைகள். இங்கே பசுந்தாங்கில் அரிசி ஆலைகளுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் இன்னொரு மனைவி. மா சேன் என்கிற பர்மாக்காரப் பெண். கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்து உம்மு சல்மா ஆனவள். அவர்களுக்கு ஜைனப் என்று ஒரே மகள். ரங்கூனில் இது புதிதில்லை. எத்தனையோ பேருக்குக் கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு அடுப்பும் அந்தப் பக்கம் ஒரு அடுப்பும் எரிந்துகொண்டுதான் இருந்தன. எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். ஆள் போன பிறகுதான் கேள்வி வரும்.

கேள்வியைக் கப்பலில் கொண்டுவந்தவன் ஷம்சுதீனின் தம்பி அப்துல் சமது. இருபத்தாறாம் வருஷம், ஆடி மாத மழையில், கப்பல் மயக்கம் தெளியாத முகத்தோடு என் கடைக்குள் வந்து ஒரு ஸ்டூலில் விழுந்தான். எங்கள் ஊரில் அண்ணனையும் மூத்தவர்களையும் காக்கா என்போம்.

"காக்கா, ஊர்ல மதினி நாலு புள்ளைகளை வெச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்காக. கடைச் சரக்கை வித்து ஊருக்குக் கொண்டு போகணும். இங்க ஒரு பொம்பளை பொண்டாட்டின்னு சொல்லிக்கிட்டு இருக்காளாமே, அவளுக்கு நிக்காஹ் ஆச்சா? யார் பார்த்தா?"

அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். நாலு பிள்ளைகளின் சோற்றைத் தோளில் தூக்கி வந்தவன் அவன். ஆனால் அவன் கேட்ட கேள்வி, அவனுக்கே தெரியாமல், ஒரு பெண்ணின் கழுத்தில் போய் விழுந்தது. ஜைனபுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். பாய் வியாபாரம் செய்யும் பர்கத்துல்லாவின் மகனுக்கு. நாள்கூடக் குறித்தாயிற்று. உம்முவுக்கு நிக்காஹ் ஆகவில்லை என்றால் ஜைனப் எப்படிப் பிறந்தவள் என்று ஊர் வாய் கேட்கும். பர்கத்துல்லா நல்லவர், ஆனால் ஊர் வாய்க்கு முன்னால் நிற்கிற முதுகெலும்பு அவருக்குக் கிடையாது. "ஜமாத் ஒரு வார்த்தை சொல்லட்டும் காக்கா, அது போதும்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். அந்தக் குடையும் என்னிடம் வாங்கியதுதான்.

அந்த ஒரு வார்த்தையை எங்கே தேடுவது? ஷம்சுதீன் நிக்காஹ் செய்த காலத்தில் எங்கள் பள்ளிவாசலில் பதிவு என்று எதுவும் கிடையாது. நிக்காஹ் செய்து வைக்கும் பழைய லெப்பையின் தலைக்குள்தான் எல்லாம் இருந்தது. அந்தத் தலையை நாங்களே கொண்டுபோய் அடக்கம் பண்ணினோம். சாட்சி இரண்டு பேரில் ஒருவர் காலராவில் போனார். இன்னொருவர் மோல்மேனுக்குப் போய் என்ன ஆனார் என்றே தெரியவில்லை. நான் அந்தச் சமயம் ஊருக்குப் போயிருந்தேன். இல்லாவிட்டால் இந்த அலைச்சல் எனக்கு மிச்சமாயிருக்கும்.

பள்ளிவாசல் மாடியில், சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்தோம். நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் உம்மு சல்மா. இந்தப் பக்கம் நான், சமது, பர்கத்துல்லா, இன்னும் நாலைந்து பெரியவர்கள். கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் இரண்டு தடவை பேச வேண்டியிருந்தது. எனக்கு முதுகு வலி வேறு.

"மஹர் என்ன குடுத்தாரும்மா?" என்று கேட்டேன். மாப்பிள்ளை பெண்ணுக்கு மஹர் கொடுக்காமல் நிக்காஹ் இல்லை.

"தங்கக் காசு, காக்கா. ஒண்ணு" என்றாள். ஷம்சுதீனிடம் கற்ற கீழக்கரைத் தமிழ். வார்த்தைகள் சரியாக வரும், ஓசை மட்டும் பர்மாக்காரர்களைப் போல மேலே ஏறி இறங்கும்.

"எங்க இருக்கு?"

திரைக்குக் கீழே ஒரு கை வந்தது. கழுத்திலிருந்து அப்போதுதான் கழற்றிய கறுப்புக் கயிறு. அதில் காது வைத்துப் பற்றவைத்த ஒரு காசு. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, வெற்றிலைபோல மெல்லியது. நான் எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். ஒரு பக்கத்தில் நீண்ட அங்கி போட்ட ஆள் ஒருவர் நிற்கிறார். ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் புத்தகம். திருப்பினால் ஒரு கேடயம். அதன் மேல் சிலுவை.

எனக்குத் திக்கென்றது. சமது என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டான்.

"என்ன காக்கா இது, பாதிரிக் காசு! சிலுவை போட்டிருக்கு! சுவத்துல ஒரு படம் மாட்ட விடாத மனுசன் எங்க காக்கா. அவரு இதையா மஹரா குடுப்பாரு? கப்பல்கார வெள்ளைக்காரன் எவனோ குடுத்துட்டுப் போயிருப்பான், அதைக் கொண்டுவந்து..."

"வாயை மூடுடா!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்துகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். ஆனால் சொன்னது சொன்னதுதான். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பர்கத்துல்லா தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குச் சாட்சி என்று அவள் கொண்டுவந்த ஒரே பொருள் அவளுக்கே எதிராகத் திரும்பிவிட்டது.

"வெள்ளிக்கிழமை பேசுவோம்" என்று சொல்லிக் காசை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

உள்ளதைச் சொன்னால், எனக்குள்ளும் ஒரு சந்தேகப் புழு நெளிந்தது. நல்ல பெண்தான், இருபது வருஷமாகப் பார்க்கிறேன். ஆனாலும் சிலுவை போட்ட காசு ஒரு கீழக்கரை லுங்கி வியாபாரி கையில் எப்படி வந்தது? இது எந்த நாட்டுக் காசு, யார் அடித்தது என்று தெரிந்தால்தான் மேலே யோசிக்க முடியும். என் கடைக்கு வருஷா வருஷம் குடைக் கம்பி மாற்ற வரும் ஒரு பிரெஞ்சுச் சாமியார் இருந்தார். வயசானவர். பாண்டிச்சேரிப் பக்கம் முப்பது வருஷம் இருந்துவிட்டு ரங்கூனுக்கு வந்தவர். ஏட்டில் எழுதுகிற மாதிரி தமிழ் பேசுவார். பழைய காசுகளைப் பெட்டியில் சேர்த்து வைப்பது அவருக்கு ஒரு பைத்தியம். கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு டிராம் ஏறினேன். குடை விற்கிறவன் குடையை மறந்துவிட்டுப் போனேன் என்றால் என் மனசு இருந்த நிலையை நீங்களே புரிந்துகொள்ளலாம். இறங்குவதற்குள் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

சாமியார் எனக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு, காசை வாங்கி விளக்கடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மறுபடி மறுபடி திருப்பிப் பார்த்தார். வயசா ஆசையா என்று தெரியவில்லை.

"அமீர் அலி, இது உமக்கு எங்கே கிடைத்தது?"

"ஒரு பொம்பளை கழுத்துல இருந்துச்சு, சாமி. என்ன காசு இது?"

"இவர் அர்ச்சியசிஷ்ட இராயப்பர். யேசுநாதரின் சீடர், ரோமாபுரியில் எங்கள் சபைக்குத் தலைவரான முதல் பாப்பானவர். கையில் இருப்பது மோட்சத்தின் திறவுகோல். இதை அடித்தவர் ஜெர்மன் தேசத்து அதிமேற்றிராணியார் ஒருவர், அதாவது சாமியார்களுக்கெல்லாம் மேலான பெரிய குரு. ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் ஆகியிருக்கும்."

"சாமியார்கள் காசு அடிப்பாங்களா?"

அவர் சிரித்தார். "அடித்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே மேற்றிராணியாரே சில ஊர்களுக்கு ராஜா. வரி வாங்கினார்கள், சண்டை போட்டார்கள், தங்கக் காசும் அடித்தார்கள். ஆத்துமத்தைக் கவனிக்க நேரம் இருந்ததா என்று என்னைக் கேட்காதேயும்."

"அது எப்படி சாமி நம்ம பக்கம் வந்துச்சு?"

"தங்கம் எங்கேதான் போகாது? வெனிஸுக்குப் போயிருக்கும். அங்கிருந்து மிளகு வாங்க எகிப்துக்கு. எகிப்திலிருந்து ஜித்தாவுக்கு. பிறகு கடவுளுக்குத்தான் தெரியும்." ஜித்தா என்றதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. எங்கள் ஊர் முத்து வியாபாரிகள் ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பும்போது ஜித்தா கடைத்தெருவில் பழந்தங்கம் வாங்கி வருவது வழக்கம்தான்.

சாமியார் கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனார். அவர் முகம் வாடியது. "ஐயோ, பாவம். இராயப்பருக்கு முகமே இல்லையே. இவ்வளவு நல்ல காசை யார் இப்படிக் கெடுத்தது? எங்கள் வேதத்தின் மேல் இத்தனை பகையா?"

நான் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அங்கியின் மடிப்பு, சாவியின் பல், விளிம்பைச் சுற்றியிருந்த எழுத்து எல்லாம் நேற்று அடித்ததுபோலத் துல்லியமாக இருந்தன. தலையைச் சுற்றியிருந்த வட்டமும் இருந்தது. முகம் மட்டும் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. கழுத்தில் உரசித் தேய்ந்தால் எல்லாமே சேர்ந்து அல்லவா தேயும்? இது யாரோ வேண்டுமென்றே தேய்த்தது.

பகை என்றார் சாமியார். பகை இருப்பவன் முதலில் சிலுவையை அல்லவா சுரண்டுவான்? சிலுவையில் ஒரு கீறல்கூட இல்லை. சிலுவையை விட்டுவிட்டு முகத்தை மட்டும் அழிப்பவர் யார்? எனக்குப் புரிந்தபோது நனைந்த சட்டையோடு எழுந்து நின்றுவிட்டேன். முகமுள்ள உருவத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தொழக் கூடாது. முகத்தை எடுத்துவிட்டால் அது உருவம் இல்லை, வெறும் கோடு. இந்தக் காசைப் போட்டுக்கொண்டு தொழ வேண்டும் என்று நினைத்தவர்தான் இதைச் செய்திருக்க வேண்டும்.

"பகை இல்லை, சாமி" என்றேன். "பயபக்தி."

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. குடைக் கம்பி இனிமேல் ஆயுசுக்கும் இலவசம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி மாடி, மறுபடி திரை, மறுபடி மழை. சமது வெளுத்துப்போயிருந்தான். ரங்கூன் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். அவனைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. எல்லோருமே அந்த வழக்கில் களைத்துப்போயிருந்தோம்.

"சமது, உன் பொண்டாட்டிக்கு நீ என்ன மஹர் குடுத்தே?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு இப்ப?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"காசுதான். எங்க வீட்டுல அதான் பழக்கம். வாப்பாவோட வாப்பா ஜித்தாவுலேர்ந்து கொண்டுவந்த காசு. உம்மா கழுத்துல மாலையா கெடந்துச்சு. எங்க நிக்காஹ்வுக்கு ஆளுக்கு ஒண்ணா அவுத்துக் குடுத்தாக."

"உங்க காக்கா பங்கு எத்தனை?"

"ரெண்டு. மூத்தவருன்னு ரெண்டு குடுத்தாக. ஒண்ணு ஊர்ல மதினி கழுத்துல கெடக்கு." சொல்லிவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான். இரண்டாவது எங்கே என்று நான் கேட்கவில்லை. அவனே கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

"உன் பொண்டாட்டி காசுல உருவம் உண்டா?"

"ஏதோ ஒண்ணு இருக்கும். யாரு உத்துப் பாத்தா?"

"இருந்தா எப்படித் தொழுவா? நல்லா யோசிச்சுச் சொல்லு. பள்ளிவாசல்ல உக்காந்திருக்கே."

அவன் திரையைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு வழி இருந்தது. அதை மறுக்க ஆயிரம் மைலுக்குள் சாட்சியும் கிடையாது. நாலு பிள்ளைகளுக்காக ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் அவனை வெறுத்திருக்கக்கூட மாட்டேன். அவன் கையை நீட்டினான். காசை வைத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, கட்டை விரலால் அந்த வழவழப்பைத் தடவினான்.

"நிக்காஹ்வுக்கு முந்தி நகை செய்யுற பத்தரைக் கூப்பிட்டு முகத்தைத் தேய்ச்சுத்தான் குடுப்பாக" என்றான். குரல் கீழே போயிருந்தது. "என் வீட்டுக்காரி காசுலயும் முகம் இல்லை, காக்கா. மதினி காசுலயும் இல்லை. இது எங்க வீட்டுக் காசுதான்."

பிறகு அவன் எழுந்து திரைக்கு அருகில் போய், "மன்னிச்சுக்குங்க மதினி" என்றான். அவளை அவன் மதினி என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. பர்கத்துல்லா உடனே மூக்கைச் சிந்திக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் விட்டுவிட்டேன். ஜைனபின் கல்யாணம் குறித்த நாளிலேயே நடக்கும் என்று முடிவாயிற்று. ஷரீஅத்துப்படி உம்முவுக்கும் மகளுக்கும் சேர வேண்டிய பங்கைப் பிரித்துவிட்டு, மிச்சத்தைச் சமது ஊருக்குக் கொண்டுபோனான்.

காசை வாங்கிக்கொள்ள உம்மு சல்மா இரண்டு நாள் கழித்து என் கடைக்கு வந்தாள். மத்தியான நேரம். மழை கொஞ்சம் விட்டிருந்தது. நான் கொஞ்சம் பெருமையில் இருந்தேன், மறைப்பானேன். இத்தனை வருஷம் தீர்த்த வழக்குகளில் இதுதான் எனக்குப் பிடித்த வழக்கு. காசை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். கொடுக்கும்போது, "ஊர்ல இருக்கிறவளுக்குச் செஞ்ச மாதிரியே உனக்கும் செஞ்சிருக்கான் பாரும்மா. ஊர்ப் பொண்டாட்டி, இந்த ஊர்ப் பொண்டாட்டின்னு ஷம்சுதீன் வித்தியாசம் பாக்கலை" என்றேன்.

அவள் காகிதத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அவரு செய்யலை, காக்கா."

"என்னம்மா?"

"நிக்காஹ் நெசம். லெப்பை வந்தாரு, ரெண்டு பேரு சாட்சி இருந்தாங்க. காசும் அவரு குடுத்ததுதான். ஆனா அப்ப அதுல முகம் இருந்துச்சு. தாடி, கண்ணு எல்லாம் இருந்துச்சு. ஊர்ல தேய்ச்சுத்தான் குடுப்போம்னு அவருதான் சொன்னாரு. எனக்கும் தேய்ச்சுக் குடுங்கன்னேன். சிரிச்சாரு. 'நீயா தொழப் போறே? ஒனக்கு எதுக்கு அது'ன்னாரு."

நான் கல்லாப் பெட்டியை மூடினேன்.

"மறுநாள் அவரு கடைக்குப் போனதும் நானே தேய்ச்சேன். நாங்க மூஞ்சிக்குப் பூச தனக்கா கட்டை அரைப்போமே, அந்தக் கல்லோட ஓரத்துல. சாயந்திரம் வரைக்கும் தேய்ச்சேன். கை எல்லாம் எரிஞ்சுச்சு."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவரு விடியக்காலை சுபுஹுக்குப் பள்ளிக்குப் போயிருவாரு. நான் வீட்டுல தொழுவேன். வரும்போது அடுப்புக்கிட்ட இருப்பேன். கேக்கவும் இல்லை, பாக்கவும் இல்லை."

செத்தவன் மேல் கோபப்படக் கூடாது. எனக்கு அவன் மேல் வந்தது. அவனுக்காக நான் மழையில் நனைந்து, தொண்டை கிழியப் பேசி, மூத்த மனைவிக்கும் இவளுக்கும் வித்தியாசம் பார்க்காதவன் என்று நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெயருக்கு அவன் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. இவள் திரைக்குப் பின்னாலிருந்து இதைச் சொல்லியிருந்தால் சமதுவின் சாட்சி அப்போதே உதிர்ந்து போயிருக்கும், மகளின் கல்யாணமும் போயிருக்கும். அதனால் பேசாமல் இருந்திருக்கிறாள். அது எனக்குப் புரிந்தது. இப்போது ஏன் பேசுகிறாள் என்பதுதான் புரியவில்லை.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சு போச்சே. இதை ஏம்மா எங்கிட்டச் சொல்றே?" என்று கேட்டேன்.

அவள் கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, காசை ரவிக்கைக்குள் விட்டாள்.

"யாராச்சும் ஒருத்தருக்குத் தெரியணும்ல, காக்கா. இருபது வருசம் நான் தொழுதேன்."

வாசலில் ஒருவர் குடை விலை கேட்டு நின்றார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, "எனக்குத் தெரியும்மா" என்று சொன்னேன்.